நகைப் பெட்டியில் ஒரு ரிவால்வர்



நம் பத்திரிகைக்கு வரும் கடிதங்களை ஒரு கூடையில் போட்டால் முக்கால் கூடை மல்லாட்டை விலை, வெள்ளிக்கிழமைச் சந்தை நெரிசல், கோட்டை அகழியில் குப்பை என்று நிரம்பிவிடும். மீதிக் கால் கூடை கவிதை. இந்த மாதம் வந்த ஒரு கடிதம் இரண்டிலும் சேரவில்லை. அதை மேசைமேல் வைத்துவிட்டு மூன்று நாள் அதையே சுற்றிக்கொண்டிருந்தேன்.

எழுதியவர் முன்னாள் ராணுவத்தினர். பதினேழு ஆண்டு பணி முடித்து வந்து, இப்போது சென்னையில் ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்கிறார். வீடு செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் வழியில் ஒரு கிராமம். மனைவி திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பணி முடிந்து, திண்டிவனத்தில் பஸ் பிடித்து, செஞ்சியில் மாறி, ஊர் ரோட்டில் இறங்க ஒன்பதரை, சில நாள் பத்து ஆகிவிடுகிறது. அங்கிருந்து ஏரிக்கரை வழியாக முக்கால் கிலோமீட்டர் நடை. அவர் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: "நான் தூரத்தில் இருக்கிறேன். என் மனைவியின் கைப்பையில் வெளியே தெரியாமல் அடங்குகிற மாதிரி, எங்கள் சக்திக்கு ஏற்ற விலையில், சின்னக் கைத்துப்பாக்கி எது நல்லது? தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள்."

தெரிந்தவர்கள்! எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு இரண்டே வரி. ஒன்று, தீபாவளிக்கு வாங்கிய ரோல் கேப் துப்பாக்கி. சுருள் பாதியில் சிக்கிக்கொள்ளும். கடைசியில் கேப்பைக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் தட்டித்தான் வெடிப்போம். இரண்டாவது, கல்லூரியில் என்சிசி. குப்புறப் படுத்து புள்ளி இருபத்திரண்டு ரைபிளால் ஐந்து குண்டு சுட்டேன். மூன்று அட்டையில் பட்டது. மற்ற இரண்டும் எங்கே போயின என்று எங்கள் சுபேதார் இன்றைக்கும் தேடிக்கொண்டிருப்பார். ஆனாலும் ஒரு மனிதர் தன் மனைவியின் இருட்டு நடையை நினைத்துத் தூக்கம் வராமல் எழுதியிருக்கிறார். சிரித்து மடித்து வைக்க முடியவில்லை. விசாரித்தேன்.

முதலில் கடைச் சரக்கு. பெண்களுக்கென்றே சொல்லி நம் நாட்டில் ஒரு துப்பாக்கி வந்தது பலருக்கு நினைவிருக்கலாம். 2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. அந்தக் கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு ஊடகங்கள் சூட்டிய 'நிர்பயா' என்ற பெயருக்கும் இந்தப் பெயருக்கும் பொருள் ஒன்றே, அச்சமற்றவர். புள்ளி முப்பத்திரண்டு குழல், டைட்டானியம் கலந்த உலோகம், எடை அரைக் கிலோ. விலை ரூ. 1,22,360. அதைக் கருஞ்சிவப்பு நகைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ஆரமோ அட்டிகையோ இருக்க வேண்டிய வெல்வெட் குழியில் ரிவால்வர்.

எனக்கு இந்த நகைப் பெட்டி விஷயம் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நகைப் பெட்டியை யார் வாங்கி யாருக்குக் கொடுப்பது வழக்கம் என்று யோசித்தால் அந்த வடிவமைப்பு யாரை நினைத்துச் செய்யப்பட்டது என்பது தெரிந்துவிடும். மணிப்பூரில் துப்பாக்கிக்குக் குடும்பத்தாரைப் பறிகொடுத்த பெண்களுக்காக அமைப்பு நடத்தும் பினாலட்சுமி நெப்ராம் அப்போதே இதைக் கடுமையாக எதிர்த்தார். துப்பாக்கிச் சத்தத்தோடு வாழ்ந்த ஊர்க்காரர் சொன்னால் அதற்கு எடை உண்டு.

விலை எட்டவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தது. 2016-இல் கொல்கத்தா அருகே இச்சாப்பூர் தொழிற்சாலையிலிருந்து 'நிடர்' வந்தது. புள்ளி இருபத்திரண்டு, எடை ஏறத்தாழ கால் கிலோ, அப்போதைய விலை சுமார் ரூ. 35,000. நம் வாசகர் கேட்ட "சக்திக்கு ஏற்ற விலை"க்கு அருகில் வருவது இதுதான். இந்த முப்பத்தைந்தாயிரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும். வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளைப் பற்றி ஆசைப்பட வேண்டாம். 1980களின் நடுவிலிருந்தே பொதுமக்கள் அவற்றை இறக்குமதி செய்து வாங்க வழியில்லை.

சிறியது, இலேசானது என்றால் பெண்களுக்கு எளிது என்று நாம் நினைக்கிறோம். அது தப்புக் கணக்கு. துப்பாக்கி எவ்வளவு இலேசோ, சுடும்போது அவ்வளவுக்கு அவ்வளவு கையை உதறும். குழல் குட்டையாக இருந்தால் குறி பார்ப்பது கடினம். குட்டி ரிவால்வர்களில் விசையை இழுக்க விரலில் நல்ல வலு வேண்டும். கனமான துப்பாக்கிதான் கைக்கு அடக்கமாகச் சுடும். ஆனால் அது பைக்குள் அடங்காது. இது ராணுவத்தில் இருந்தவருக்குத் தெரியாமல் இருக்காது. மனைவி என்றதும் தெரிந்ததெல்லாம் மறந்துவிட்டது போலிருக்கிறது.

அடுத்தது சட்டம். இங்கேதான் அவர் கேள்வியின் அடித்தளமே ஆடுகிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி உரிமம் ஆளின் பேரில் வருகிறது. வீட்டின் பேரிலோ குடும்பத்தின் பேரிலோ வருவதில்லை. புடவை, மிக்ஸி, கம்மல் மாதிரி கணவன் வாங்கி மனைவிக்குக் கொடுக்கும் பொருள் வரிசையில் துப்பாக்கி கிடையாது. அவர் தோளில் இருக்கும் இரட்டைக்குழலுக்கு உள்ள உரிமம் அவருக்கு மட்டும். அதைக் காட்டி மனைவி எதையும் பையில் வைத்துக்கொள்ள முடியாது. உரிமம் இல்லாத கையில் கொடுத்தால் கொடுத்தவரும் குற்றவாளி. மனைவி தானே விண்ணப்பம் போட வேண்டும். வயது இருபத்தொன்று நிரம்பியிருக்க வேண்டும். தனக்கு என்ன ஆபத்து, ஏன் வேண்டும் என்று அவரே காரணம் சொல்ல வேண்டும். போலீஸ் விசாரிக்கும். டாக்டர் சான்று, கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் கேட்பார்கள். விழுப்புரத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சரி என்றால்தான் கடைப் படி ஏறலாம். கிடைத்த உரிமம் ஐந்தாண்டு செல்லும். முன்பு மூன்றாண்டுதான், 2019 திருத்தத்தில் நீட்டினார்கள். அதே திருத்தம், உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டாண்டு சிறை என்றும் ஆக்கியது. தேர்தல் வந்தால் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். உள்ளாட்சி, சட்டமன்றம், மக்களவை என்று நமக்குத்தான் தேர்தலுக்குப் பஞ்சமில்லையே.

ஒரு வேடிக்கை. "வெளியே தெரியாமல்" என்று அவர் கேட்டாரே, அதைச் சட்டமே வற்புறுத்துகிறது. 2016 விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் சென்றால் அது உறைக்குள்ளோ பைக்குள்ளோதான் இருக்க வேண்டும். எடுத்து ஆட்டிக் காட்டினாலே குற்றம். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் வடநாட்டுப் பழக்கத்துக்கு இரண்டாண்டு சிறை வரை உண்டு.

நம்மூரில் அந்தப் பழக்கமும் இல்லை, துப்பாக்கியும் அதிகம் இல்லை. 2016 முடிவில் மத்திய உள்துறை தந்த கணக்கில் நாடு முழுக்க 33.69 லட்சம் உரிமங்கள். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22,532. அதிலும் காவல் வேலைக்காரர்கள், பயிர்க் காவலுக்கு வைத்திருப்பவர்கள் எல்லாம் அடக்கம். குடகில் மட்டும் கதை வேறு. அங்கே குடவர்களுக்கு வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே உரிம விலக்கு, துப்பாக்கிக்குப் பூவைத்துக் கும்பிடும் திருநாளும் உண்டு. இந்தப் பக்கம் துப்பாக்கி என்றால் நரிக்குறவர் தோளில் பார்த்த நாட்டுத் துப்பாக்கிதான். சினிமாவைச் சேர்க்கவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிடலாம் என்று கடிதத்தில் இருந்த எண்ணுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். எடுத்தது அவர் மனைவி. கணவர் விடுப்பில் வந்தவர் கொல்லிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். போன் சார்ஜில் கிடந்தது. நான் யார், எதற்கு என்று சொன்னேன். ஒரு நொடி மௌனம்.

"துப்பாக்கியா? எனக்கா?"

அவருக்கு விஷயமே தெரியாது. தேங்காயை உடைத்துவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்த சிரிப்பில் என் காது கூசியது.

"எங்க வூட்டுக்காரரு எனக்கு ஒரு பொடவ எடுத்துக்குனு வந்தாருன்னா அதை மாத்தறதுக்கே மறுநாள் செஞ்சி போவணும் சார். இவரு எனக்குத் துப்பாக்கி எடுக்கப் போறாரா?"

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா நர்ஸ் ஆகிவிட்டார். அடுத்தடுத்து நாலு கேள்வி கேட்டார். நான் மூன்று நாள் விசாரித்துச் சேர்த்ததில் ஒன்றுக்கும் விடை இல்லை.

வார்டுக்குள் போகும்போது அதை எங்கே வைப்பது? ஆறு பேருக்கு ஒரு லாக்கர், அதன் கதவும் சாத்தாது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அசதியில் திண்டிவனம் தாண்டியதும் கண் சொக்கிவிடும், பை மடியில் இருக்கும். அதை எவனாவது உருவிக்கொண்டு போனால்? ஏரிக்கரையில் எதிரே வருபவன் நல்லவனா கெட்டவனா என்று தெரிவதற்குள் அவன் பக்கத்தில் வந்துவிடுவான். அதற்குள் பையைத் திறந்து, டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவே தேடி எடுத்து, சுட முடியுமா? கடைசியாகக் கேட்டது குரலைத் தாழ்த்தி. "வூட்ல வயசுப் பையன் இருக்கான் சார். பன்னெண்டாவது. கொஞ்சம் கோவக்காரன். மார்க்கு கொறஞ்சுதுன்னு வெச்சுக்கங்க, அன்னிக்கு இது பீரோவுல இருந்தா?"

மருத்துவமனையில் பணி பார்ப்பவர் கேட்கிறார். பரீட்சை முடிவு வரும் வாரம் அவசரப் பிரிவு எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

நான் கொஞ்சம் தடுமாறி, "உங்கள் கணவர் பயம் நியாயம்தானே அம்மா?" என்றேன்.

"நியாயந்தான். ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல?"

அன்று சாயங்காலம் வழக்கம்போல் செஞ்சிக் கோட்டைப் பக்கம் நடந்தேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து நம் ராஜகிரிக்குக் கூட்டம் கூடியிருக்கிறது. அந்தப் பன்னிரண்டில் பதினொன்று மராட்டிய மாநிலத்தில். தமிழ்நாட்டுக்கு இது ஒன்று. கல்யாண மகாலின் முற்றத்தில் பள்ளிப் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் அந்தப்புரத்து அறைகள், நடுவே அடுக்கடுக்காகக் குறுகிப்போகும் கோபுரம். நிமிர்ந்தால் ராஜகிரி உச்சி. அங்கே ஒரு பீரங்கி கிடக்கிறது. உச்சிக்குச் சற்று முன் மலை பிளந்து நிற்கும் இடத்தில் பாலம். அந்தக் காலத்தில் அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவரை நெருங்க முடியாது. மூன்று மலை, மூன்றையும் கோத்த மதில், அகழி, தானியக் களஞ்சியம், குளம். தற்காப்பு என்ற சொல்லுக்குக் கல்லில் வெட்டிய அகராதி.

உள்ளே இருந்த பெண்களின் கதி என்ன? சிவாஜி 1677-இல் பிடித்த கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் மொகலாயருக்குத் தப்பி வந்து இங்கே இருந்தார்; மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690 முதல் முற்றுகை போட்டார். எட்டாண்டு தாங்கியது கோட்டை. 1698-இல் விழுந்தபோது ராஜாராம் முன்னதாகவே நழுவி வேலூர்ப் பக்கம் போய்விட்டார். மனைவிகளும் பிள்ளைகளும் உள்ளே அகப்பட்டார்கள். அரசர் தப்புவது ராஜ்யத்துக்கு அவசியம் என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். சரியாகவும் இருக்கலாம். அந்த முற்றத்தில் நின்று யோசிக்கும்போது அந்தச் சமாதானம் அவ்வளவாக ஒட்டவில்லை.

பதினாறு ஆண்டு கழித்து, 1714-இல், நம் ராஜா தேசிங்கு. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையை ஒரு கைப்பிடி ஆட்களோடு எதிர்த்து இறந்தார். தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் தேசிங்கு இருக்கிறார், நண்பன் இருக்கிறான், நீலவேணிக் குதிரை இருக்கிறது. ராணி வருவது வழியனுப்பவும் தீயில் இறங்கவும். உடன்கட்டை ஏறிய அந்த இளம் பெண்ணின் நினைவாக, ஜெயித்த நவாபே பாலாற்றங்கரையில் ஓர் ஊருக்கு ராணிப்பேட்டை என்று பேர் வைத்தார் என்பார்கள். இன்று அது மாவட்டத் தலைநகர். போருக்குப் போவதற்கு முன் தேசிங்கு ராணியிடம் ஒரு வார்த்தை கேட்டாரா என்று எந்தப் பாட்டுக்காரரும் பாடி நான் கேட்டதில்லை. நர்ஸ் அம்மா சொன்ன வாக்கியம் காதில் ஓடிக்கொண்டிருந்ததால் இப்படித் தோன்றியிருக்கலாம்.

நம் வாசகரின் பயம் ஏரிக்கரை இருட்டில் வரும் முகம் தெரியாதவனைப் பற்றியது. அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் நம் நாட்டுக் குற்றப் பதிவுகளைப் பார்த்தால் இருட்டு வேறு இடத்தில் இருக்கிறது. 2022-இல் பெண்களுக்கு எதிரான குற்றங்கள் என்று பதிவானவை 4,45,256. அதில் 31.4 விழுக்காடு கணவரோ அவர் உறவினரோ செய்த கொடுமை. பெரிய பிரிவு அதுதான். பாலியல் வன்கொடுமை வழக்குகளிலும் பெரும்பாலான குற்றவாளிகள் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். தெரிந்தவன் மேல் துப்பாக்கி எடுக்கும் நொடி, பையைத் திறக்கும் நொடியைவிட நீளமானது.

தமிழ்நாட்டுக் கைத்துப்பாக்கிச் சூடுகளில் ஊரே அறிந்தது எது? 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், ராதாவும் குண்டு பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இருவரும் பிழைத்தது தெய்வாதீனம். சேர்ந்து நடித்தவர்கள், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வந்து போனவர்கள், விருந்தாளியாக வந்து எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது நடந்தது.

நம் வாசகரின் கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. அவருடைய மைத்துனர் மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். "மாமா, இங்கே கடையில் அடையாள அட்டை காட்டினால் போதும், பொண்டாட்டிக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள்" என்று சொன்னானாம். பாதி உண்மை. அந்த மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல், தகுதியுள்ள பெரியவர்கள் தனி அனுமதிச் சீட்டு இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். கணவன்மார் கடைக்குப் போய் மனைவிக்கு எது நல்லது என்று கேட்பதும், கடைக்காரர் இளஞ்சிவப்புக் கைப்பிடி வைத்த குட்டித் துப்பாக்கியை எடுத்து நீட்டுவதும் அங்கே சகஜம். விவரம் தெரிந்த பயிற்சியாளர்கள் அங்கேயும் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்: யார் சுடப் போகிறாரோ அவர் வந்து பிடித்துப் பார்க்கட்டும், செருப்பைக்கூட அடுத்தவர் காலுக்கு அளவெடுத்து வாங்குவதில்லையே என்று.

அதே அமெரிக்காவில் கலிபோர்னியாவில் செய்த ஒரு பெரிய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. வீட்டில் ஒருவர் கைத்துப்பாக்கி வாங்கினார். கூட வாழ்பவர் வாங்கவில்லை. அப்படிக் கூட வாழ்பவர்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். துப்பாக்கி இல்லாத வீட்டில் இருப்பவர்களைவிட இவர்கள் கொலையாகும் விகிதம் இரண்டு மடங்குக்கு மேல். வாழ்க்கைத் துணையின் கையாலேயே சுடப்பட்டு இறப்பது ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் பெரும்பான்மை பெண்கள். இதைப் படித்தபின் நம் வாசகருக்குத் துப்பாக்கி மாடல் எழுதி அனுப்ப என் பேனா நகரவில்லை. அவரை நான் சந்தேகப்படுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனைவி தூங்கினாரா என்று சென்னையில் இருந்து இரவு பத்தரைக்கு மிஸ்டு கால் கொடுக்கும் மனிதர் அவர்.

கை வெறுமையாக இருந்தாலும் சட்டம் பெண்ணைக் கைவிடவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து, கடத்தல், அமில வீச்சு என்று வந்தால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தடுக்கலாம்; தேவைக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவே. எதைக் கொண்டு தடுத்தாய் என்று சட்டம் கணக்குப் பார்ப்பதில்லை. டார்ச் லைட்டும் குடைக் கம்பியும் செல்லும். மல்லாட்டைக் கொல்லியில் களை எடுக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் இடுப்பில் செருகியிருக்கும் களைக்கொத்துக்கு இதுவரை யாரும் உரிமம் கேட்டதில்லை. அதன் எதிரே வாலாட்டியவனும் குறைவு. மிளகுத் தூள் ஸ்ப்ரேக்கும் உரிமம் வேண்டாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 181, 112 எண்கள் போனில் இருக்கட்டும். தெரு விளக்குக்கும் கடைசி டவுன் பஸ்ஸுக்கும் மனு எழுதுவதில் நம் வாசகர்கள் என்னைவிடத் தேர்ந்தவர்கள். அந்த ஏரிக்கரைக்கு நானும் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மறுவாரம் நம் ராணுவ வாசகரே கூப்பிட்டார். குரலில் கொஞ்சம் அசடு.

"என்ன சார், போட்டுக் குடுத்துட்டீங்களே."

"தெரியாமல் நடந்துபோச்சு. கோபமாக இருக்கிறார்களா?"

"ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் பேசினாங்க, அதான் பிரச்சினை. எனக்குன்னு ஒதுக்கி வெச்ச அந்த முப்பத்தஞ்சாயிரத்தை எங்கிட்ட குடுங்கன்னுட்டாங்க."

மருத்துவமனையில் கூட வேலை செய்யும் ஒரு பெண் தன் பழைய ஸ்கூட்டியை விற்கிறாராம். விலை முப்பத்திரண்டாயிரம். பேரம் பேசினால் முப்பதுக்கு வரும். செஞ்சி பஸ் நிலையத்துப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறலாம். இரவு இறங்கியதும் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஏரிக்கரையைக் கடந்து ஏழெட்டு நிமிஷத்தில் வாசலில் வந்து ஆரன் அடிக்கலாம். ஹெட்லைட் நன்றாக இருக்கிறதா என்று அவரே ராத்திரியில் ஓட்டிப் பார்த்துவிட்டாராம்.

"நல்ல யோசனையாச்சே?"

"நல்லதுதான் சார். நான் ஓட்டக் கத்துத் தர்றேன்னேன். வேணாம், கத்தவே மாட்டாத ஆளாப் பாத்துக் கத்துக்கறேன்னுட்டாங்க. பையன்தான் காலையில பின்னால ஓடுறான். எல்.எல்.ஆர். போட்டாச்சு."

"யார் பேரில்?"

"அவங்க பேர்லதான். வண்டி ஆர்.சி.யும் அவங்க பேர்ல."


ஆசிரியர்